ஆவாரைக்கு ஓர் அத்தாட்சி வேண்டும்

கடலூர்ச் செம்மண்டலத்திலாயினும், சிதம்பரம் மேல வீதியிலாயினும், நீரிழிவு நோயாளி ஒருவர் கையில் காசுடன் வந்து நின்றால், அவருக்கு மூலிகைத் தேநீர் விற்க முன்வருவோருக்கு இன்று குறைவில்லை. மஞ்சள் பூவின் படம் அச்சிட்ட பொட்டலங்கள் நாட்டு மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆவாரம்பூத் தேநீர், சிறுகுறிஞ்சான் தேநீர், நாவற்கொட்டைத் தேநீர், பல மூலிகைகள் கலந்த தேநீர் என்று பெயர்கள் பலவாயினும், அவற்றை வாங்குவோர் உள்ளத்தில் எழும் கேள்விகள் இரண்டே. இதைக் குடித்தால் சர்க்கரை குறையுமா? இதைக் குடிப்பதால் தீங்கு ஏதேனும் நேருமா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் பொட்டலம் தரும் விடை விளம்பரமேயன்றி அத்தாட்சியன்று. அத்தாட்சியைத் தேடித் தர வேண்டிய கடமை யாருடையது என்பதையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

நோயின் பரப்பை முதலில் நோக்குவோம். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் தேசமெங்கும் நடத்தப்பட்டு 2023-ம் வருஷத்தில் வெளியான கணக்கின்படி, நமது நாட்டில் நீரிழிவு கொண்டவர்கள் 10.1 கோடிப் பேர். நோயின் வாயிலில் நிற்பவர்கள் மேலும் 13.6 கோடிப் பேர். பணக்காரரின் நோய் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட இது, இன்று உழவரையும் நெசவாளரையும் மீன்பிடிப்போரையும் விட்டு வைக்கவில்லை. கவனிப்பாரற்ற நீரிழிவு கண்ணைக் கெடுக்கிறது, சிறுநீரகத்தை அழிக்கிறது, காலில் ஆறாத புண்ணாகி, அந்தக் காலையே வெட்டி எடுக்கும் நிலைக்குக் கொண்டு போகிறது. உடலுழைப்பால் பிழைக்கும் குடும்பத்தில் ஒருவர் கால் போனால் அந்தக் குடும்பத்தின் வாழ்வே போகிறது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த நோய் ஆயுள் முழுவதும் உடனிருப்பது. மாத்திரையும் ஆயுள் முழுவதும் வேண்டியிருக்கிறது. மாத்திரை உண்டும் சர்க்கரை இறங்காதபோது மனம் சோர்வதும், வேறு வழி உண்டா என்று தேடுவதும் மனித சுபாவம். பாட்டி காலத்திலிருந்து கண்ணாற் கண்ட பூவும், நாவிற்குப் பழகிய கஷாயமும், பெயர் வாயில் நுழையாத மாத்திரையைக் காட்டிலும் நம்பிக்கை தருவதில் வியப்பில்லை. ஆகையால், மூலிகைத் தேநீர் குடிக்கும் ஜனங்களை அறியாதவர்கள் என்று இகழ்ந்து பேசுவோருடன் நாம் சேர மாட்டோம். இகழ்ச்சி எந்த நோயையும் தீர்த்ததில்லை.

ஆவாரையின் பெருமையும் பொய்யன்று. அது பூத்துக் குலுங்கும் ஊரில் சாவார் இல்லை என்னும் கருத்துடைய பழமொழியை அறியாத தமிழர் இலர். சித்த வைத்தியத்தில் ஆவாரைக் குடிநீர் மதுமேகத்திற்கு உரிய மருந்தாக வழங்கி வருகிறது. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என ஏழு சரக்குகள் சேர்ந்தது அது. இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குடிநீர் என்பது அளவறிந்து சரக்கிட்டு, நீர் வற்றக் காய்ச்சி, வடித்து, வைத்தியர் நோயாளியின் நாடியும் தேகமும் பார்த்துத் தரும் மருந்து. கொதிநீரில் இரண்டு நிமிஷம் தோய்த்து எடுக்கும் காகிதப் பையும் அதுவும் ஒன்றாக மாட்டா. சித்தர்களின் பெயரைப் பொட்டலத்தில் அச்சிட்டுவிட்டு, அவர்கள் விதித்த முறையை விட்டுவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று.

நிற்க. ஆவாரையைப் பரீக்ஷித்துப் பார்த்தவர்கள் நம் ஜில்லாவிலேயே உண்டு. 1929-ம் வருஷத்தில் நிறுவப்பட்ட சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையின் உயிர் ரஸாயனப் பகுதியில், பாரி, லதா என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஆவாரம்பூவைச் சோதித்து, 2002-ம் வருஷத்தில் ஸிங்கப்பூர் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இன்ஸுலின் சுரக்கும் கணையத்து அணுக்களைக் கெடுக்கும் ரஸாயனத்தைச் செலுத்தி எலிகளுக்கு நீரிழிவு உண்டாக்கி, ஆவாரம்பூவின் நீர்ச் சாற்றை முப்பது நாள் கொடுத்து வந்தார்கள். எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.45 கிராம் என்னும் அளவில் சாறு கொடுத்தபோது, ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது, இன்ஸுலின் கூடியது, கொழுப்புச் சத்தின் கேடும் சீர்ப்பட்டது. கிளைபென்கிளமைடு என்னும் மாத்திரையினும் பலன் மேலாக இருந்தது என்று அவர்கள் அறிவித்தார்கள். நமது மண்ணின் பூவை நமது சர்வகலாசாலையில் நம்மவரே ஆராய்ந்து உலகறியச் செய்தது நாம் பெருமை கொள்ளத்தக்க காரியம்.

ஆயினும், எலியிடம் கண்ட பலனை மனிதரிடம் கண்டதாகக் கொள்வது சாஸ்திரம் ஆகாது. எலிக்கு வந்தது ரஸாயனத்தால் ஒரே நாளில் உண்டாக்கிய நோய். மனிதருக்கு வருவது பரம்பரையாலும் உணவாலும் உழைப்புக் குறைவாலும் பல்லாண்டுகளில் முற்றும் நோய். அளவிலும் வேறுபாடு பெரிது. எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது, உடற்பரப்பைக் கருதி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைப்பது வழக்கம். அவ்வாறு கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல் சாறு வேண்டும். சாறு என்பது பூவைக் காய்ச்சி, நீரை வற்றச் செய்து எஞ்சுவது. அவ்வளவு சாறு பெறப் பூ அதனினும் அதிகம் வேண்டும். தேநீர்ப் பையிலோ சுமார் 2 கிராம் தூள்தான் இருக்கிறது. அதில் எவ்வளவு நீரில் இறங்குகிறது என்பதை யார் அளந்தார்கள்? எலிக்குக் கொடுத்த சாற்றின் கீர்த்தியைச் சொல்லி மனிதருக்குத் தோய்த்த பையை விற்பது, ஒருவர் பெற்ற பட்டத்தை மற்றொருவர் தம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதை ஒக்கும்.

மனிதரிடம் பரீக்ஷை செய்வது முடியாத காரியமோ என்று சிலர் கேட்கலாம். முடியும் என்பதை நமது அண்டை நாடான இலங்கை காட்டியிருக்கிறது. ஆவாரைக் குடிநீரின் ஏழு சரக்குகளில் ஒன்றாக நாம் மேலே கூறிய கடலழிஞ்சிலின் இனத்தையே சிங்களர் கொத்தல ஹிம்புட்டு என்பர். அதன் கட்டையால் செய்த கோப்பையில் நீரை ஊறவைத்துக் குடிப்பது அங்கே பழைய வழக்கம். இந்த மூலிகை சேர்ந்த தேநீரை அந்நாட்டு வைத்தியர்கள் நீரிழிவு நோயாளிகள் 51 பேரிடம் சோதித்து, 2005-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். சோதித்த முறையை நம்மவர்கள் ஊன்றி நோக்க வேண்டும்.

நோயாளிகளைச் சீட்டுப் போட்டது போல் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முதல் மூன்று மாதம் மூலிகைத் தேநீர், அடுத்த மூன்று மாதம் அதே மாதிரிப் பையில் மருந்தில்லாத தேநீர். மற்றொரு கூட்டத்துக்கு முறை மாற்றிக் கொடுத்தார்கள். எந்தப் பையில் மருந்து, எந்தப் பையில் வெறுந்தேநீர் என்பது குடித்தவர்க்கும் தெரியாது, கொடுத்த வைத்தியர்க்கும் தெரியாது. ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவை எடுத்துப் பார்த்தபோது, மூலிகைத் தேநீர்க் காலத்தில் 6.29 என்றும், வெறுந்தேநீர்க் காலத்தில் 6.65 என்றும் இருந்தது. வேறுபாடு சிறியது, ஆனால் தற்செயலால் வந்ததென்று தள்ளத்தக்கதன்று. கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றனவா என்பதையும் கூடவே கண்காணித்தார்கள். சர்க்கரை நோயை வேரோடு பறித்துவிட்டோம் என்று அவர்கள் முரசறையவில்லை. கண்டதைக் கண்டபடி, அளவுடன் சொன்னார்கள். மூலிகைக்கு அதைக் காட்டிலும் மேலான கௌரவம் வேறில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்பாருக்கு ஒரு வார்த்தை. நோயென்று அறிந்தவர் அன்றே சோற்றைக் குறைக்கிறார், காலையில் நடக்கத் தொடங்குகிறார், இனிப்பை விடுகிறார், அத்துடன் தேநீரும் குடிக்கிறார். ஒரு மாதம் கழித்துச் சர்க்கரை இறங்கினால் புகழ் முழுவதும் தேநீருக்குப் போகிறது. நடந்த கால்களுக்குப் புகழில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத கூட்டம் ஒன்று இருந்தாலன்றி உண்மை விளங்காது. வேங்கை மரத்தின் கட்டையை இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் சோதித்து 1998-ல் வெளியிட்ட முடிவில், நோய் புதிதாகக் கண்ட 97 பேரில் 67 பேருக்குப் பன்னிரண்டு வாரத்தில் சர்க்கரை கட்டுப்பட்டது. நல்ல முடிவே. ஆனால் ஒப்புக்கு வேறு கூட்டம் வைக்கப்படாமையால், அதில் வேங்கையின் பங்கு எவ்வளவு, உணவுக் கட்டுப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனையைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது. சென்னையில் பேராசிரியர் சண்முகசுந்தரம் குழுவினர் சிறுகுறிஞ்சான் சாற்றை நோயாளிகள் 22 பேருக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொடுத்து, ஐவர் மாத்திரையை விட்டுவிடும் நிலை அடைந்ததை 1990-ல் அறிவித்தார்கள். அதுவும் நம்பிக்கை தரும் தொடக்கமேயன்றி இறுதித் தீர்ப்பன்று. நமது நாட்டு ஆராய்ச்சி தொடங்கிய இடங்கள் பல. முடித்து வைத்த இடங்களோ சில.

இனி, தீங்கு நேருமா என்னும் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இயற்கையானது எதுவும் கெடுதி செய்யாது என்று விற்பவர்கள் சொல்லுகிறார்கள். அரளியும் ஊமத்தையும் இயற்கையில் விளைந்தவையல்லவோ? மூலிகைக்குக் குணம் உண்டென்றால் அது உடலில் ஏதோ ஒன்றை மாற்றுகிறது என்று பொருள். மாற்றும் வல்லமை உள்ளது நன்மையும் செய்யும், அளவு தவறினால் தீமையும் செய்யும். ஒன்றுமே செய்யாதென்றால் அதற்குக் காசு கொடுப்பானேன்?

இலங்கையிலேயே நடந்த மற்றொரு சோதனை இதை விளக்கும். காக்காய் வலிப்புக்குத் தரப்படும் கார்பமஸெபின் என்னும் மருந்தையும் ஆவாரைத் தேநீரையும் எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறக்குறைய 47 சதவீதம் உயர்ந்துவிட்டதென 2004-ல் வெளியிட்டார்கள். எலிகளுக்கு அதனால் கேடு தோன்றவில்லையெனினும், அளவு சிறிது மிஞ்சினாலும் நஞ்சாகும் அத்தகைய மருந்தை உண்பவர், தாம் குடிக்கும் தேநீரைப் பற்றி வைத்தியரிடம் சொல்ல வேண்டியது எவ்வளவு அவசியம் என்பது இதனால் விளங்கும். நீரிழிவு மாத்திரையுடன் சர்க்கரையைக் குறைக்கும் மூலிகையும் சேர்ந்தால், சர்க்கரை மிதமிஞ்சி இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயங்கி விழுவதும் உண்டு. வயதானவர்களுக்கு இரவில் இது நேர்ந்தால் எழுப்புவாரும் இல்லாமற் போகலாம். சிறுகுறிஞ்சானை உட்கொண்ட நோயாளி ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதை இஸ்ரேல் நாட்டு வைத்தியர்கள் 2010-ல் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு மூலிகையையே விலக்குவது நியாயமன்று. கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த ஒருவரே போதும்.

மூலிகையின் குணத்தால் வரும் தீங்கு ஒருபுறமிருக்க, விற்பவரின் குணத்தால் வரும் தீங்கு அதனினும் கொடிது. 2009-ம் வருஷத்தின் தொடக்கத்தில் சீனாவின் ஸிஞ்ஜியாங் பிரதேசத்தில் நீரிழிவுக்கென்று விற்ற ஒரு மூலிகை மருந்தை உண்ட இருவர் இறந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது, அந்தப் போலி மருந்தில் கிளைபென்கிளமைடு மாத்திரைச் சரக்கு அளவின்றிக் கலந்திருந்தது தெரிந்தது. மூலிகையென்று நம்பி மாத்திரையையே, அதுவும் அளவு தெரியாமல், விழுங்கினார்கள்! அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற, நமது தெற்காசிய நாடுகளில் செய்த ஆயுர்வேத மருந்துகள் 70-ஐ வாங்கிச் சோதித்தபோது, 14-ல் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்ததென 2004-ல் வெளியாயிற்று. ரஸாயன ஆலைகள் நிறைந்த நமது கடலூரில், பூ பறித்த மண் எது, குடித்த நீர் எது என்று கேட்பது வீண் சந்தேகம் ஆகாது. சாலையோரத்தில் பறித்ததா, ஆலையோரத்தில் பறித்ததா, கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் பறித்ததா என்பது பொட்டலத்தின்மேல் எழுதியிருப்பதில்லை.

யாவற்றினும் பெரிய தீங்கு வேறொன்று. தேநீரை நம்பி மருந்தை நிறுத்துவதே அது. சிறு பிராயத்திலேயே இன்ஸுலின் சுரப்பு அற்றுப்போகும் ஒருவகை நீரிழிவு உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு இன்ஸுலினே உயிர். 1922-ம் வருஷத்தில் கனடாவின் டொரான்டோ நகரத்தில் முதல் ஊசி போடப்படும் வரையில், இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைத்ததில்லை. ஊசியை நிறுத்திவிட்டு எந்தத் தேநீரைக் கொடுத்தாலும் சில நாட்களில் குழந்தை மயக்கமுற்று மரிக்கும். இதில் மூலிகையின் அபிமானிகளும் மேல்நாட்டு வைத்தியத்தின் அபிமானிகளும் கருத்து வேறுபடுவதற்கு இடமே இல்லை. இதை ஒவ்வொரு தாயும் தகப்பனும் அறியும்படி சொல்லுவது நம்மனைவரின் கடமை.

மூலிகை வேறு, மேல்நாட்டு மருந்து வேறு என்று இரு சேனைகளாகப் பிரித்துப் போரிடுவது அறியாமை. இன்று உலகமெங்கும் நீரிழிவுக்கு முதல் மருந்தாகத் தரப்படும் மெட்பார்மின் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியக் கிராமத்தார் நாட்டு மருந்தாகக் கையாண்ட கலேகா என்னும் செடியில் அதன் மூலம் இருக்கிறது. அந்தச் செடி கால்நடைகளுக்கு நஞ்சு. அதன் சத்தையும் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து, விஷம் மிகுதியென்று கைவிட்டார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த மெட்பார்மினை 1922-ல் டப்ளின் நகரத்து ரஸாயனிகள் இருவர் செய்தார்கள். ஜான் ஸ்டேர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதை மனிதரிடம் சோதித்து 1957-ல் முடிவை வெளியிட்டார். களைச்செடி உலகத்துக்கு மருந்தான வரலாறு அது. பரீக்ஷித்தார்கள், நஞ்சை நீக்கினார்கள், அளவை நிர்ணயித்தார்கள், மீண்டும் பரீக்ஷித்தார்கள். ஐரோப்பியரின் களைக்கு நேர்ந்த இந்தப் பாக்கியம் நமது ஆவாரைக்கு ஏன் நேரக்கூடாது?

நாம் செய்யாவிடில் பிறர் செய்வார்கள். செய்து, நமது பொருளைத் தமதென்றும் சொல்லுவார்கள். நாவல், பாகல், கத்தரி, சிறுகுறிஞ்சான் இவை சேர்ந்த உணவுக் கலவை சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லி, 1999-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி உரிமைப் பட்டயம் பெற்றது. நமது கிழவிகள் அறிந்த சங்கதிக்கு நியூ ஜெர்ஸியில் உடைமைச் சாஸனம்! மஞ்சளுக்கு அவ்வாறு வாங்கிய பட்டயத்தை நமது விஞ்ஞானக் கவுன்சில் பழைய ஏடுகளை ஆதாரம் காட்டி 1997-ல் ரத்து செய்வித்தது. ஏடு நமது பாத்தியதையை நிலைநாட்டும். ஆனால் நோயாளிக்கு மருந்து பலிக்கும் என்பதை ஏடு மட்டும் நிலைநாட்டாது. அதற்குச் சோதனையே சாட்சி.

இந்த ராஜதானியில் சுதேச வைத்தியத்துக்கு நியாயம் கேட்கும் போராட்டம் பழையது. 1921-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் அதன்முன் சாட்சியம் அளித்தார்கள். நமது வைத்தியத்தைப் பார்க்காமலே தள்ளாதீர்கள், பார்த்துப் பிறகு சொல்லுங்கள் என்பதே அன்று தேசாபிமானிகளின் கோரிக்கை. அந்நிய ஆட்சியாளரிடம் பரீக்ஷை கேட்டவர்களின் வாரிசுகள், சொந்த ஆட்சியில் பரீக்ஷைக்கு அஞ்சுவது பொருந்துமா? சோதிக்காமலே இகழ்வதும் சோதிக்காமலே புகழ்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள். சுதேசி என்னும் சொல், பரிசோதனையிலிருந்து தப்புவதற்குரிய அனுமதிச் சீட்டாக ஒருநாளும் இருந்ததில்லை. சுதேசிக் கப்பலும் கடலில் மிதந்தே தன் தகுதியைக் காட்ட வேண்டியிருந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 1954-ம் வருஷத்து ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் இருக்கிறது. அந்நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆனால் மருந்தென்று சொன்னால் மருந்துச் சட்டம் பிடிக்கும் என்றறிந்த வியாபாரிகள், இது மருந்தன்று, தேநீர் என்கிறார்கள். உணவென்று சொன்னாலோ, நோய் தீர்க்கும் என்று உணவின்மேல் எழுதுவதை உணவுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே பொட்டலத்தின்மேல் தேநீர் என்று எழுதிவிட்டு, வாயால் மருந்தென்று சொல்லி விற்கிறார்கள். எழுதியது அதிகாரிக்கு, சொன்னது நோயாளிக்கு! இந்த இரட்டை நாக்கை அடக்குவது அதிகாரிகளின் வேலை. அவர்கள் செய்கிறார்களா என்று கேட்பது ஜனங்களின் வேலை.

தண்டனையால் மட்டும் உண்மை வெளிப்படாது. ஆகையால் நாம் கேட்பது இதுதான். சிதம்பரத்தில் ஆவாரையை எலிகளிடம் சோதித்த ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அதே அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா வைத்தியக் கல்லூரி, 2021-ல் மாநில சர்க்காரின் சுகாதார இலாகாவின்கீழ் வந்திருக்கிறது. கடலூரில் ஜில்லா ஆஸ்பத்திரி இருக்கிறது. சித்த வைத்தியர்களும் இருக்கிறார்கள். வீடு தேடிச் சென்று நீரிழிவு மருந்து கொடுக்கும் திட்டத்தை 2021-ல் தொடங்கிய தமிழ்நாட்டு சர்க்காருக்கு, நோயாளிகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாததன்று. இவர்களை ஒன்றுகூட்டி, ஆவாரைக் குடிநீரையும் ஆவாரைத் தேநீரையும் மனிதரிடம் முறைப்படி சோதிக்கும் ஒரு பரீக்ஷையை இந்த ஜில்லாவில் நடத்த வேண்டும்.

அதன் முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, பூ எந்த மண்ணில் எந்தப் பருவத்தில் பறித்தது, ஈயமும் பூச்சிமருந்தும் அதில் உண்டா என்று பார்த்து, ஒரே தரமான சரக்கைத் தயாரிக்க வேண்டும். இரண்டாவது, நோயாளிகள் தாம் உண்ணும் மாத்திரையை நிறுத்தாமல், அதனுடன் தேநீரையோ அதே நிறமும் சுவையும் உள்ள வெறுநீரையோ பெற வேண்டும். மூன்றாவது, மூன்று மாதத்துக்குக் குறையாமல் நடத்தி, சர்க்கரைச் சராசரியோடு கல்லீரல், சிறுநீரகம் இவற்றையும் அளக்க வேண்டும். சர்க்கரை அபாயமாக இறங்கிய சந்தர்ப்பங்கள் அனைத்தையும் எழுதி வைக்க வேண்டும். நான்காவது, நோயாளிக்கு அவர் பாஷையில் எல்லாவற்றையும் விளக்கி, மனமொப்பிய சம்மதம் பெற்று, வேண்டாமென்றால் எந்நேரமும் விலகும் உரிமை அளிக்க வேண்டும். ஏழைகள் பரீக்ஷைக்கு உதவுவோரேயன்றிப் பரீக்ஷைக்கூடத்து எலிகள் அல்லர். ஐந்தாவது, 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளபடி, சோதனையைத் தேசப் பதிவேட்டில் முன்னரே பதிவு செய்து, முடிவு அனுகூலமாயினும் பிரதிகூலமாயினும் தமிழிலேயே வெளியிட வேண்டும். தேநீர் விற்கும் கம்பெனிகளின் பணம் இதில் ஒரு காசும் கலக்கலாகாது.

முடிவு எவ்வாறாயினும் நமக்கு நஷ்டமில்லை. ஆவாரை பலிக்கும் என்று தெரிந்தால், சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே அதை அளவறிந்து கொடுக்கலாம். வறண்ட மேட்டில் பூப் பறிக்கும் பெண்களுக்கு நியாயமான கூலி கிடைக்கும். சித்த வைத்தியத்தின் மதிப்பு உலகத்தில் உயரும். பலிக்காது என்று தெரிந்தால், கூலிக்காரர் தம் கூலியை வீணான பொட்டலத்தில் கொட்டுவது நிற்கும். எந்த முடிவுக்கு அஞ்சுவோர் இந்தப் பரீக்ஷையைத் தடுப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பொதுத் தொண்டில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஊர்க் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். சட்டசபை அங்கத்தினரிடமும் சர்வகலாசாலையிடமும் விண்ணப்பம் கொடுங்கள். தேநீர் குடிப்பவரைப் பழிக்காதீர்கள். குடிப்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம் என்றும், அதை நம்பி மாத்திரையையும் ஊசியையும் நிறுத்த வேண்டாம் என்றும் எடுத்துச் சொல்லுங்கள். கேட்ட நோயாளியைக் கடிந்து அனுப்பாமல் காது கொடுத்துக் கேட்கும்படி வைத்தியர்களையும் வேண்டிக்கொள்ளுங்கள். கடியப்பட்ட நோயாளி தேநீரை விடுவதில்லை, வைத்தியரைத்தான் விடுகிறார்.

தாய்நாட்டின் பூ என்பதற்காக ஆவாரையை நாம் நேசிக்கிறோம். நேசிப்பதனாலேயே, பொய் விளம்பரத்தின் கூலியாளாக அது அலைவதைச் சகியோம். எலிகளின் சாட்சி வெளிவந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மனிதரின் சாட்சியைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பதிவு செய்யும் பொறுப்பைச் சிதம்பரம் ஏற்கட்டும். அதற்கு வேண்டிய பொருளைச் சர்க்கார் தாமதமின்றி அளிக்கட்டும்.